குருமனையின் பூனை ஜன்னல்கள்

ஓட்டையைக் கண்டால் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. சாவித் துவாரமோ, கதவடி இடுக்கோ, ஜன்னல் சட்டத்தில் கண்ணாடியை ஒட்டும் மக்கு உதிர்ந்த கீறலோ, எதுவானாலும் முதலில் புறங்கையை அதன் முன்னால் வைத்துப் பார்ப்பார். பிறகு இடுப்பில் செருகியிருக்கும் துணிப் பையை அவிழ்ப்பார். பைக்குள் கிழிந்த சேலைத் துண்டு, சாக்குத் துணுக்கு, கோயிலில் எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்திகளின் அடிக்கட்டைகள் எல்லாம் இருக்கும். "காத்து வருதுங்கம்மா" என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்வார். அனுமதி கேட்கிறார் என்று முதல் வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியெல்லாம் இல்லை, தகவல் சொல்கிறார்.

என் கணவர் குருவானவர். எந்த ஊருக்கு மாற்றல் உத்தரவு வருகிறதோ அந்த ஊருக்குச் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போகிற பிழைப்பு எங்களுடையது. போகிற இடமெல்லாம் கோயிலை ஒட்டி ஒரு குருமனை இருக்கும், குருவானவர் குடும்பம் தங்குகிற வீடு. அதோடு சேர்த்துச் சில சாமான்களும் எங்கள் தலையில் கட்டப்படும். கால் ஆடுகிற சாப்பாட்டு மேசை, யாரும் திறக்க முடியாத ஒரு பீரோ, முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன நாய். குன்னூருக்கு மேலே இருந்த அந்தக் குருமனையோடு எங்களுக்கு வந்து சேர்ந்தவர் அக்கா. எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பத்துக்கும் அதற்கு முன்னால் இருந்தவர்களுக்கும் அவர்தான் விறகு பிளந்து, அடுப்பு மூட்டி, தரை துடைத்தவர். கீழே எஸ்டேட் லயத்தில், தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தார். சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர் என்பதால் அந்த வட்டாரத்தில் எல்லோரும் சிலோன் அக்கா என்பார்கள். நான் சிலோனை விட்டுவிட்டு அக்கா என்று மட்டும் கூப்பிட்டேன். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. நான் அதைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, இப்போது மட்டும் எழுதுவானேன்.

கோயில் வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டடம். சதுரக் கோபுரம், கூர்மையாக மேலே போய்ச் சேரும் வளைவு ஜன்னல்கள், உள்ளே அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் தேக்குச் சட்டங்கள். சுவரெல்லாம் பளிங்குக் கல் பதித்து, காய்ச்சலில் செத்த துரைகளின் பெயரும் பிரசவத்தில் செத்த துரைசாணிகளின் பெயரும் வெட்டியிருக்கும். பிரதான வாசலுக்கு மேலே, கூரை முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, கல்லில் பூப்போலக் குடைந்த ஒரு வட்டத் துளை. அதற்குக் கண்ணாடி கிடையாது. குருவிகள் அதன் வழியே வந்து போகும். மூடுபனியும் வரும். ஆராதனைக்கு வருகிறவர்கள் ஸ்வெட்டர், குல்லா, சால்வை சகிதம் உட்கார்ந்திருப்பார்கள். என் கணவர் பிரசங்கம் செய்யும்போது அவர் வாயிலிருந்து புகை வருவதை எண்ணி என் மகள் சிரிப்பாள்.

அக்கா சாமி கும்பிடுவது லயத்து மாரியம்மனை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்வரை கோயில் முகப்பில் நின்றுகொண்டிருப்பார். பாட்டுக்காக நிற்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன். ஒரு நாள் கவனித்தால், அவர் பார்வை அந்த வட்டத் துளையை விட்டு நகரவில்லை.

"அம்மாம் பெரிய ஓட்டைய வச்சுக்கிட்டு எப்புடிங்கய்யா புள்ளைகள உக்கார வைக்கிறீங்க? ஒரு ஏணி மட்டும் குடுங்க" என்று என் கணவரிடமே கேட்டார்.

"இங்க இருக்கிற எந்த ஏணியும் அதுக்கு எட்டாது. அதோட, நம்ம ஜெபம் மேல போறதுக்கு ஒரு வழி வேணுமில்ல?" என்று அவர் விளையாட்டாகச் சொன்னார்.

"ஜெபத்துக்கு வாசக்கதவு பத்தாதுங்களா?" என்றார் அக்கா. என் கணவர் சிரித்துவிட்டுப் போனார். நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு பரிமாறும்போதும் அதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கேலி செய்தேன்.

குருமனையும் கோயிலோடு சேர்த்துக் கட்டியதுதான். கோயிலின் பக்கவாசலிலிருந்து கூரை போட்ட ஒரு நடைபாதை நேராக எங்கள் கண்ணாடி வராந்தாவுக்கு வரும். அக்கா அந்த வராந்தாவை இஸ்தோப்பு என்பார், அறைகளைக் காம்பரா என்பார். சிலோன் தோட்டத்துப் பேச்சு அவர் வாயில் அப்படியே இருந்தது. கூரை ஓரத்தில் மரத்தில் செதுக்கிய தொங்கல்கள். அறைக்கு ஒரு கணப்பு, அதற்கொரு புகைபோக்கி. தரை முழுக்கத் தேக்குப் பலகை. பலகைக்கு அடியில் ஒருவர் தவழ்ந்து போகிற அளவுக்கு வெற்றிடம். அதனால் யார் நடந்தாலும் மேளம் தட்டுகிற மாதிரி வீடு சத்தம் போடும். சத்தத்தை வைத்தே வருவது யார் என்று அடுக்களையில் இருந்தபடி சொல்லிவிடலாம். வீட்டின் கல் அடித்தளத்தில் சுற்றிலும் சின்னச் சின்னச் சதுரத் துளைகள் இருந்தன, இரும்புக் கம்பி வைத்து. என் மகள் அவற்றுக்குப் பூனை ஜன்னல் என்று பெயர் வைத்தாள். அவை எதற்கு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சபையில் யாருக்கும் தெரியவும் தெரியாது. பழைய வீடென்றால் இப்படி ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டோம். காற்றடிக்கிற நாளில் பலகை இடுக்குகள் வழியே குளிர் ஏறி வரும், தரையில் விரித்த பாயின் ஓரம் லேசாக எழுந்து எழுந்து அடங்கும்.

எங்கள் முதல் குளிர்காலத்தில் பேராயர் வந்து ஓரிரவு தங்குவதாக ஏற்பாடு. விருந்தினர் அறையில் கணப்பு மூட்டிப் பல வருஷம் ஆகியிருந்தது. சாயங்காலம் அவர் வந்ததும் என் கணவர் தன் கையாலேயே விறகை அடுக்கித் தீ வைத்தார். கொஞ்ச நேரத்தில் அறைக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் புகை மண்டலம். அதற்குள்ளிருந்து சிலுவைச் சங்கிலியோடு பேராயர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். தீயை அணைத்துவிட்டுப் புகைபோக்கிக்குள் கையை விட்டுப் பார்த்த என் கணவர் ஒரு பழைய மெத்தையின் பாதியை இழுத்துப் போட்டார். அதைச் சாக்கில் சுற்றி, ஓரம் மடித்து, நுனியை உள்ளே தள்ளி, வெற்றிலை மடிப்பது போல அவ்வளவு ஒழுங்காக அடைத்திருந்தது.

"இத யாரு அடைச்சதுக்கா?" என்று கேட்டேன், கேட்க வேண்டிய அவசியமே இல்லாவிட்டாலும்.

"நாந்தாங்கம்மா. மேலருந்து காத்து எறங்குச்சு. தீ வைப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களே."

பேராயர் நல்ல மனுஷர், சிரித்துவிட்டார். என் கணவருக்குத்தான் மானம் போய்விட்டது. மறுநாள் அக்காவைக் கூப்பிட்டு, இனி இந்த வீட்டுக்குள் ஒரு ஓட்டையைக்கூட அடைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அக்கா தலையை ஆட்டினார். அன்று முழுக்க அவர் கை அந்தத் துணிப் பையைத் தொட்டுத் தொட்டு மீண்டதை நான் பார்த்தேன். எனக்குப் பாவமாக இருந்தது.

அதே குளிர்காலத்தில்தான் என் மகளுக்கு இழைப்பு வந்தது. அதுவரை சமவெளியில் ஓடியாடி விளையாடிய பிள்ளை. இங்கே பனி இறங்கினால் போதும், நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். ஒரு நாள் பிற்பகல், வெளியே பஞ்சு மூட்டை அவிழ்த்துவிட்டாற்போல மூடுபனி. அடுக்களைச் சுவரில் சூடு இருக்கிற இடத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அக்கா அவளை மடியில் வைத்திருந்தார். நான் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்காமல் அவராகவே பேசினார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தாங்கம்மா. கப்பல்ல எங்க கூடத்தான் வந்தான். மண்டபம் கேம்புல எறக்கி, அங்கருந்து மஞ்சூர்ப் பக்கம் கொண்டாந்து விட்டாங்க. லயம் கட்டி முடியல. தகரக் கொட்டாயிதான். தம்பி தலமாட்டுல ஒரு ஓட்டை. ராவுல அதுல துணிய அடைக்கிறது என் வேல."

வெந்நீர் கொதித்தது. நான் அடுப்பை அணைக்காமல் நின்றேன்.

"அடைச்சுட்டுத்தான் படுத்தேன். விடிஞ்சு பாத்தா துணி கீழ கெடந்துச்சு."

அந்த விடியலைத் தம்பி பார்க்கவில்லை. அக்கா என் மகளின் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "வெறும் துணி நிக்காதுங்கம்மா. மெழுகு உருக்கி விட்டு அடைக்கணும்" என்றார். இவ்வளவு நாளும் நான் சிரித்துக்கொண்டிருந்த விஷயம் இதுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சில வாரங்களில் மகளின் அறையில் குளிர் குறைந்தது. பலகை இடுக்கில் காற்று வருவது நின்றுபோயிற்று. பாய் ஓரம் அசையாமல் கிடந்தது. பனிக்காலம் முடிகிறது, அதனால்தான் என்று நினைத்தேன். பிள்ளைக்கும் இழைப்பு தணிந்தது. அக்கா தினமும் காலையில் வந்ததும் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "விசில் இல்லங்கம்மா" என்பார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மழைக்காலம் வந்தது. வீட்டில் ஒரு வாடை கிளம்பியது. நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. பீரோவுக்குள் இருந்த என் பட்டுப்புடவையில் சாம்பல் பூத்தது. தரையின் சத்தமும் மாறியிருந்தது. மேளம் மாதிரி இருந்தது போய் மண்ணில் நடக்கிற மாதிரி மொத்தென்று ஆனது. மலையென்றால் ஈரம்தான், மழையென்றால் பூசணம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். பிள்ளைக்கு மறுபடி இழைப்பு வந்தது. இந்த முறை குளிர்காலத்தில் வந்ததைவிட மோசம். உதடு நீலம் பாரித்து இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குன்னூரில் பார்த்த டாக்டர், "வீட்ல ஈரம் இருக்கா? பூசண வாடை வருதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப கீழ கூட்டிட்டுப் போயிடுங்க. யோசிக்காதீங்க" என்றார்.

மலைப்பாதையில் காரில் இறங்கும்போது பர்லியார் தாண்டியதும் மகளுக்கு மூச்சு இளகுவதை நானே கையால் தொட்டு உணர்ந்திருக்கிறேன். ஆகவே மாற்றல் கேட்டு வாங்கினோம். கிளம்புகிற அன்று அக்கா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மகள் உட்கார்ந்த பக்கத்து ஜன்னல் கண்ணாடி முழுசாக மேலே ஏறவில்லை. அவர் செய்தித்தாளை மடித்து, நுனியை உள்ளே தள்ளி, அந்த இடுக்கை அடைத்தார். என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்வரை அந்தக் காகிதம் விழவில்லை.

பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ குருமனை. என் மகள் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டாள். இழைப்பு அவளை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்த மலைக்கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் பழைய குருவானவர்களையெல்லாம் அழைத்தபோதுதான் நாங்கள் மறுபடி அங்கே போனோம்.

கோயில் அப்படியே நின்றது. குருமனைக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். கூரைத் தகரத்தை ஏற்கனவே கழற்றி அடுக்கியிருந்தார்கள். சபைச் செயலாளர் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள்.

"ஏனுங்கம்மா, அந்தக் கொடுமைய ஏங் கேக்கறீங்க. புது ஐயா பீரோவ நகத்தறப்ப ரூம் தரை அப்படியே உள்ள போயிருச்சுங்க. நல்ல காலம், யாருக்கும் அடியில்ல. கோயமுத்தூர்ல இருந்து இன்சினீயர் வந்து பாத்தாருங்க. ஊட்டுக்கு அடியில காத்து ஓடணுமாமுங்க. அப்பத்தான் மண்ணு ஈரம் பலகைக்கு ஏறாதாமா. வெள்ளைக்காரன் அதுக்குன்னே சுத்தியும் ஓட்டை வெச்சுக் கட்டியிருக்கான். எந்தப் புத்திசாலியோ அத்தனையையும் அடைச்சு வெச்சுட்டானுங்க. உத்தரமெல்லாம் உளுத்து மாவாட்டம் கொட்டுது. இனி இடிச்சுட்டு காங்கிரீட்டுலதான் கட்டணும்."

அடித்தளத்தை ஒட்டி வளர்ந்திருந்த பூச்செடிகளை வெட்டியிருந்தார்கள். பூனை ஜன்னல்கள் வெளியே தெரிந்தன. இன்ஜினீயர் திறந்து பார்க்காமல் விட்ட ஒன்றிரண்டில் அடைப்பு அப்படியே இருந்தது. களிமண் பூச்சு, அதற்குள் சாக்கு, ஓரம் மடித்து நுனியை உள்ளே தள்ளியது. மண்ணுக்கும் கம்பிக்கும் நடுவே மஞ்சளாக மெழுகு. திறந்துவிட்டவற்றில் ஒட்டியிருந்த மெழுகுத் தடம் என் மகள் படுத்த அறைக்குப் பக்கத்தில் தொடங்கி வீட்டைச் சுற்றிப் போயிருந்தது. என் கணவரும் பார்த்தார். வீட்டுக்குள் அடைக்கக் கூடாது என்று அவர் சொன்ன வார்த்தையை அக்கா மீறவில்லை. வெளியிலிருந்து அடைத்திருக்கிறார்.

பின்னால் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பினால் தேநீர்த் தட்டோடு அக்கா நின்றிருந்தார். வயதாகிவிட்டது, முதுகு வளைந்திருந்தது. செயலாளர் பேசியது முழுவதும் அவர் காதில் விழுந்திருந்தது. அதுவும் முதல் தடவையாக இருக்காது. வருகிற ஒவ்வொருவருக்கும் செயலாளர் இந்தக் கதையைச் சொல்லியிருப்பார், ஒவ்வொரு தடவையும் அக்கா தட்டோடு நின்றிருப்பார். என் கணவர் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, "இந்த மழைக்குப் பழைய வீடு எவ்வளவு நாள்தான் தாங்கும்? விடுங்க" என்று செயலாளரைத் தோளில் கை போட்டு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். இந்த மனுஷரைக் கட்டிக்கொண்டதற்காக நான் நன்றியோடு நினைத்த நாட்களில் அதுவும் ஒன்று.

நானும் அக்காவும் கோயில் முகப்பில் போய் உட்கார்ந்தோம். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. அடுத்த மழைக்காலம் தாண்டுவதற்குள் போய்விட்டார். அன்று அவர் இடுப்பில் துணிப் பை இல்லை. பாதி திறந்திருந்த கோயில் கதவிலிருந்து காற்று எங்கள் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து அதைச் சாத்தவில்லை.

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"பாப்பாவுக்கு ரெண்டாவது வாட்டி வந்துச்சே, அந்த மழையில. அது இந்த ஈரந்தாங்களாம்மா? நான் அடைச்சதுனாலயா?"

டாக்டர் கேட்டது எனக்கு நினைவிருந்தது. அந்த வாடை, புடவையில் பூத்த சாம்பல், பிள்ளையின் நீல உதடு, எல்லாம் நினைவிருந்தது. செயலாளர் வாயைத் திறந்த நிமிஷமே நான் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டேன்.

"இல்லக்கா," என்றேன். "அது வேற காரணம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்தப் பனிக்காலத்த அவ தாண்டுனதே நீங்க அடைச்சதாலதான்."

கோயில் வாசலில் உட்கார்ந்துகொண்டு, குருவானவர் பெண்சாதி, கண்ணிமைக்காமல் சொன்ன பொய் அது. அதற்காக நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கவும் போவதில்லை. வீடு போனது போகட்டும், அந்தப் பெண் இன்னொரு பிள்ளையையும் தோளில் சுமக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

"நெசமாங்களா?"

"நெசமாத்தான்."

அக்கா என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவர் விரல்கள் சில்லென்றிருந்தன. பிறகு மெல்ல எழுந்து முற்றத்துக்கு இறங்கி, திரும்பி நின்று, கோயிலை அண்ணாந்து பார்த்தார். முகட்டுக்குக் கீழே அந்த வட்டத் துளையில் ஒரு குருவி வாயில் வைக்கோலோடு உட்கார்ந்திருந்தது. அது உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"நல்லவேளைங்கம்மா," என்றார். "அது எனக்கு எட்டல."